ரேடியோவில் வந்த பெயர்

கினுவே தூங்கும்போது கண்களை முழுக்க மூடமாட்டாள். இமைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலை விடுதிக்கு வந்த புதிதில், பக்கத்து மெத்தையில் படுத்திருந்த நான் அதைப் பார்த்துவிட்டு, "ஏய், முழிச்சிருக்கியா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்து போனது. மறுநாள் காலையில் அறை முழுக்கச் செய்தி பரவி, எட்டுப் பேரும் சேர்ந்து அவளுக்கு 'இவாதே பேய்' என்று பட்டம் கட்டிவிட்டோம். இவாதே அவளுடைய மாநிலம். வடக்கே மலையும் பனியுமான ஊர்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. "எங்க ஊர்ல கண்ண இறுக்க மூடித் தூங்குனா பனியில இமை ஒட்டிக்கும். அப்புறம் வெந்நி ஊத்தித்தான் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு மிசோ சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள். எங்களில் பாதிப் பேர் அதை நம்பினோம்.

1958 வசந்தத்தில் நடந்தது இது. நடுநிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தோக்கியோவுக்கு வந்த தனி ரயில்களில் ஒன்றில் அவள் வந்தாள், இன்னொன்றில் நான் நீகாதாவிலிருந்து வந்தேன். பதினைந்து வயது. தாமா ஆற்றுக்கு இந்தப் பக்கம், கவாசாகியின் ஓரத்தில், நெல் வயல்களைத் தூர்த்து எழுப்பிய தொழிற்சாலை எங்களுடையது. டிரான்சிஸ்டர் ரேடியோ செய்தோம். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, உயரமான ஜன்னல்கள். ஈயப் பற்று வைக்கும்போது எழும் புகை மெல்லிய நூலாக மேலே போய், ஜன்னல் வெளிச்சத்தில் கலைந்துவிடும். எனக்கு வேலை பற்றவைப்பது. கினுவேயின் காது கூர்மையானது என்று கண்டுபிடித்ததும் அவளைக் கடைசி மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

முடிந்த ரேடியோ பெல்ட்டில் நகர்ந்து அவளிடம் வரும். பாட்டரியைப் போட்டு, முள்ளைத் திருப்பி, ஒவ்வொரு நிலையமாகக் கேட்டுப் பார்த்து, கரகரப்பு இல்லையென்றால் அணைத்து அட்டைப்பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ஆக, நாள் முழுதும் உலகம் அவளுக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. மீன் விலை கொஞ்சம், ஒரு பாட்டின் பாதி வரி, கடலில் காற்று எந்தப் பக்கம் என்று ஒரு குரல், யாரோ சிரிப்பது. சாயங்காலம் விடுதி ஜன்னலில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் அதையெல்லாம் ஒட்டிக் கதையாகச் சொல்வாள்.

"இன்னிக்கு ஒரு ராஜகுமாரி கானாங்கெளுத்தி மீன் என்ன விலைன்னு கேட்டாடி. அதுக்குள்ள வடகடல்ல அலை ஜாஸ்தியாயிடுச்சு. அவ 'குட் மார்னிங்'னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு, முட்டைக்கோசுக்கு உரம் போடப் போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் அணைச்சுட்டேன். அடுத்த பெட்டி வந்துருச்சு."

பகலிலும் அவள் பாதித் தூக்கத்தில் இருப்பவள் போலத்தான் இருப்பாள். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பாள். கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகத் திரும்புவாள்.

தன் வீட்டுக் கதையை ஒருமுறைதான் எனக்குச் சொன்னாள். அப்பா ஓயிகாவா யோஹேய். போர் முடியப்போகும் வருடத்தில் அவரைப் படைக்கு அழைத்தார்கள். அவளுக்கு அப்போது இரண்டு வயது. முகம் நினைவில்லை. போர் முடிந்த மறு வருடம் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொடுத்து, மஞ்சூரிய எல்லையில் ஆகஸ்ட் மாதம் இறந்துவிட்டார் என்றார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே கூழாங்கல் ஒன்று. அடுத்த வசந்தத்தில் அம்மா நோபுவை அப்பாவின் தம்பி செய்கிச்சிக்கே கட்டிவைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். நிலம் இருந்தது, குழந்தை இருந்தது, ஆள் வேண்டும். செய்கிச்சிக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டதால் படையில் எடுக்கவில்லை.

"நீ அவர என்னன்னு கூப்பிடுவ?" என்று கேட்டேன்.

"சித்தப்பான்னுதான். அவரும் வேற எதுவும் சொல்லச் சொன்னதில்ல. ரெண்டு தம்பிங்க பொறந்தாங்க. அவங்க அப்பான்னு கூப்பிடுவாங்க. நான் சித்தப்பான்னா அதுக்கும் திரும்புவாரு, அப்பான்னா அதுக்கும் திரும்புவாரு."

மறு வருடம் இலையுதிர் காலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த மந்தமான நேரம். ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது. திடீரென்று பெல்ட்டின் கடைசியில் ரேடியோக்கள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின. நிமிர்ந்து பார்த்தால், கினுவே ஒரு ரேடியோவை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முன்னால் பெட்டிகள் குவிந்துகொண்டிருந்தன.

எங்கள் மேற்பார்வையாளர் தொகிதா, போரில் கப்பற்படையில் தந்தி கேட்டவர். வாய் நீளம், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. அவர் வேகமாக வந்தார்.

"என்னம்மா இவாதே மகாராணி, கச்சேரி நல்லா இருக்கா? டீ, பலகாரம் ஏதாவது கொண்டாந்து வைக்கச் சொல்லட்டுமா?"

கினுவே அவரைப் பார்த்தாள். "எங்கப்பா பேரச் சொன்னாங்க" என்றாள்.

"எந்த அப்பா?"

"செத்துப்போன அப்பா. ஓயிகாவா யோஹேய் குடும்பத்தார் எங்கேயிருந்தாலும்னு சொன்னாங்க. எங்க வட்டத்துப் பேரையும் சொன்னாங்க."

அந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். போரில் தொலைந்தவர்களைத் தேடும் நிகழ்ச்சி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிலிருந்து வந்துகொண்டிருந்தது. யார் யாரைத் தேடுகிறார்கள், கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்று ஒரு நிதானமான குரல் வாசித்துக்கொண்டே போகும். கேட்டுக் கேட்டுப் பழகி, மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்ட குரல்.

தொகிதா கையை உயர்த்தி பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். அந்த நேரத்தில் யாரும் பெல்ட்டை நிறுத்தியதில்லை. குவிந்து கிடந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து முள்ளைத் திருப்பி ஒலியைக் கூட்டினார். "நீங்களும் போடுங்க. திருப்பிச் சொன்னாலும் சொல்லுவான்" என்றார்.

ஆளுக்கொரு ரேடியோவை எடுத்துப் போட்டோம். கூடம் முழுக்க ஒரே குரல். எங்கள் கைகளிலிருந்து, மேசைகளிலிருந்து, அட்டைப்பெட்டிகளுக்குள்ளிருந்து அந்தக் குரல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனது. ஹார்பின் ரயில் நிலையத்தில் பிரிந்த தங்கை. கப்பலில் கூட வந்த செவிலி. பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட, மூன்று வயது, பெயர் தெரியாத பையன். எங்களில் பலருக்கு வீட்டில் யாரோ ஒருவர் குறைந்திருந்தார். வெளிச்சத்தில் தூசி மிதந்தது.  யோஹேயின் பெயர் மறுபடி வரவில்லை. வானிலை அறிக்கை தொடங்கியதும் தொகிதா தன் கையில் இருந்ததை அணைத்தார். ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்தன.

"நான் ஃபோன் பண்ணிக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கினுவேயைப் பார்க்காமலேயே அலுவலக அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு பெயர் இருந்தது. நெமோட்டோ. சுமிதா ஆற்றுப் பக்கம், ஒரு பொதுக் குளியல் வீட்டில் உலை எரிப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். குளியல் வீட்டின் பின்புறம் மரக்கட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. நகரமெங்கும் பழைய வீடுகளை இடித்துச் சிமென்ட் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இடித்த மரமெல்லாம் இங்கேதான் வந்தது. தூண்கள், நிலைப்படிகள், கதவுச் சட்டங்கள். ஒரு தூணில் பிள்ளைகள் வளர வளர உயரம் பார்த்துக் கீறிய கோடுகள் கூட இருந்தன. உலைக்கு முன்னால் குனிந்திருந்த பெரிய உருவம் நிமிர்ந்தது. இடது கையில் இரண்டு விரல் இல்லை.

"இன்னும் தொறக்கல பாப்பா. மூணு மணிக்கு வாங்க."

"குளிக்க வரல" என்றாள் கினுவே. "நான் ஓயிகாவா யோஹேயோட பொண்ணு."

நெமோட்டோ கையிலிருந்த கட்டையை மெல்லக் கீழே வைத்தார். நெடுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது இதுதான்:

"நீ தூங்குறப்போ கண்ணு மூடுமா?"

கினுவே திகைத்து நின்றாள். யாருக்குத்தான் தன் தூக்கம் தெரியும்? நான்தான் கத்திவிட்டேன். "மூடாது! பாதி திறந்தே கெடக்கும்! நாங்க பேய்னுதான் கூப்பிடுவோம்!"

அவர் அப்படியே மரக்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கரியும் கண்ணீரும் சேர்ந்து இழுகியது.

"அதேதான். அதேதான் சொல்லுவாரு. எம் பொண்ணு என்னைப் பார்த்துக்கிட்டே தூங்குவான்னு. நான் தூங்குறப்பவும் அவ பார்த்துக்கிட்டுதான் இருப்பான்னு."

யோஹேய் மஞ்சூரியாவில் இறக்கவில்லை. போர் முடிந்ததும் ரஷ்யப் படையிடம் பிடிபட்டு, நெமோட்டோவோடு சைபீரியாவுக்குப் போனார். காட்டில் மரம் வெட்டினார்கள். "மெதுவான ஆளு. பாதித் தூக்கத்துல நடக்குற மாதிரி நடப்பாரு. நாங்க எல்லாம் சோத்தப் பத்திப் பேசுவோம். அவரு மட்டும் வீட்டுக் கெணறு, சீமைப்பனிச்சை மரம், பொண்ணோட கண்ணுன்னு பேசிக்கிட்டு வருவாரு. கேட்டுக்கிட்டே நடந்தா குளிரு கொஞ்சம் மறந்துபோவும்." நாற்பத்தெட்டு மார்ச்சில், மேல்பனி ஈரமாகத் தொடங்கிய நேரத்தில், காய்ச்சல் வந்து இறந்தார். நெமோட்டோதான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்.

"ஊருக்குத் திரும்புனதும் தேடிப் பார்த்தேன். ஆனா எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்து, ஊர் பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு. இவாதேன்னு மட்டும் தெரியும். இவாதேயில எத்தனை ஓயிகாவா! இந்தக் கோடையில எரிக்கிறதுக்கு ஒரு ஆப்பிள் பெட்டி வந்துச்சு. பலகையில ஒரு ஸ்டேஷன் பேரு முத்திரை போட்டிருந்துச்சு. பார்த்ததும் அவரு கொரல் காதுல கேட்டுச்சு. அந்த ஸ்டேஷன்ல எறங்கி, ஆத்தோரமா நடக்கணும்னு சொல்லுவாரு. அந்தப் பலகைய நான் எரிக்கல."

கினுவே உலையின் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா சித்தப்பாவ கட்டிக்கிட்டது அதுக்கு முந்தின வருசம்" என்றாள்.

 நெமோட்டோ ஒரு கட்டையை எடுத்து உள்ளே போட்டார். இன்னொன்றை எடுத்தார், போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா பேரு நோபுதானே? அவ காத்துக்கிட்டிருப்பான்னு தினமும் சொல்லுவாரு" என்றார் கடைசியில். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

எங்களை அப்படியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. திறப்பதற்கு முன்னாலேயே குளித்துவிட்டுப் போங்கள் என்று பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். நாற்பது பேர் நெருக்கியடிக்கும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும். உயரத்துக் கண்ணாடியிலிருந்து சாய்ந்து விழுந்த வெளிச்சம் ஆவிக்குள் நின்றது. சுவரில் தீட்டிய ஃபூஜி மலை, ஆவி விலகும்போது தெரிந்து, சேரும்போது மறைந்தது. கினுவே கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்து, தலையைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். தண்ணீர் எங்கோ சொட்டுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஹட்சு" என்று கூப்பிட்டாள். "நான் நெனச்சதவிட ரெண்டரை வருசம் கூடுதலா எங்கப்பா உயிரோட இருந்திருக்காருடி. அந்த ரெண்டரை வருசம் எனக்கு யாரோ சும்மா குடுத்த மாதிரி இருக்கு. அப்போ எனக்கு நாலு வயசு, அஞ்சு வயசு. நான் வாய்க்கால்ல மீன் புடிச்சிட்டிருக்கும்போது, அவரு எங்கேயோ என்னைப் பத்திப் பேசிட்டு நடந்திருக்காரு."

"நல்லதுதானே?"

"எனக்கு நல்லது. அம்மாவுக்கு?"

 ஆவி எங்கள் இருவருக்கும் நடுவே திரையாக இறங்கியது.

அவள் ஊருக்கு இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குளிர்காலம் போயிற்று. எங்கள் தொழிற்சாலையில் புதிதாக ஒரு கூடம் கட்டினார்கள். விடுதிச் சாப்பாட்டு அறைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. ஞாயிறு தோறும் கினுவே ஆற்றங்கரைக்குப் போய் படுத்துக்கொண்டு மேகம் பார்ப்பாள். நானும் போவேன். 

ஆகஸ்டில், இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகைக்கு, அவள் தன்னோடு என்னையும் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீ பக்கத்துல இருந்தா என் வாய் தொறக்கும்" என்றாள். வீட்டுக்கென்று எங்கள் தொழிற்சாலை ரேடியோ ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

வீட்டில் செய்கிச்சியின் ஒற்றைக் கண் எங்களைப் பார்த்ததும் சுருங்கிச் சிரித்தது. "ரெண்டு பட்டணத்துச் சீமாட்டிங்க வந்துருக்காங்க, அந்தக் கோழிய வெரட்டுங்கடா" என்று மகன்களிடம் கத்தினார். நோபு ஒல்லியான, சத்தம் போடாத பெண். ரேடியோவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்துனூண்டுக்குள்ளயா எல்லாம் பேசுது?"

"ஆமாம்மா."

"நல்ல சேதி மட்டும் சொல்ற மாதிரி செய்ய முடியாதோ?"

கினுவே என்னைப் பார்த்தாள். அம்மா சும்மாதான் சொன்னாள் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் பிற்பகல், சீமைப்பனிச்சை மரத்தடியில் மூவரும் உட்கார்ந்து பச்சை சோயாவைச் செடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தோம். வெயிலில் சில்வண்டு ஒரே சுருதியில் கத்தியது. வீட்டுத் தூணில் ஒரு பெட்டி தொங்கியது. கம்பி வழியாக ஊராட்சி எல்லா வீட்டுக்கும் அறிவிப்பும் ரேடியோவும் அனுப்புகிற பெட்டி. நோபு அதைத் தாடையால் காட்டினாள்.

"போன அறுப்பு சமயத்துல அதுல அவரு பேரு வந்துச்சு" என்றாள்.

கினுவேயின் கை நின்றது. "நீயும் கேட்டியாம்மா?"

"நானும் கேட்டேன். உன் சித்தப்பாவும் கேட்டாரு. டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. கிண்ணத்தக் கீழ வெச்சிட்டு வெளிய போயி, கழுவி வெச்சிருந்த கதிரடிக்கிற மெஷின மறுபடி கழுவ ஆரம்பிச்சாரு. இருட்டுற வரைக்கும் கழுவுனாரு. அன்னிக்கிலேர்ந்து அவரும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல."

"நான் போயிப் பார்த்தேம்மா. தேடுனவர."

"தெரியும். ஒரு வருசமா உன் கடுதாசியில வெறும் வானிலதானே இருந்துச்சு."

பிறகு கினுவே எல்லாவற்றையும் சொன்னாள். காடு, குளிர், மார்ச் மாதம். கடைசியாக, வருடம். நோபு உருவிய காய்களைக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டாள். குறுக்கே இரண்டே கேள்விகள்தான்.

"பசியிலயா செத்தாரு?"

"காய்ச்சல்ல."

"பக்கத்துல ஆளு இருந்துச்சா?"

"இருந்தாரும்மா."

நோபு தலையை ஆட்டினாள். அவளுடைய கை கொஞ்ச நேரம் வெறும் தண்டை உருவிக்கொண்டிருந்தது. அதில் காயே இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மூவரும் கவனித்தோம். பின்கட்டு நிழலில் செய்கிச்சி நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அந்த ஆளு எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

அறுப்பு முடிந்த கையோடு செய்கிச்சி தோக்கியோவுக்கு வந்தார். அந்த வருடங்களில் வடக்கு ஊர்களின் ஆண்கள் எல்லோரும் பனிக்காலத்தில் கட்டட வேலைக்கு வந்தார்கள். அவர் தோக்கியோவுக்கு வந்தது அதுதான் முதல் முறை. நகரத்துக்கு மேலே தூண்கள் நட்டு, வீட்டுக் கூரைகளுக்கு மேல் கார் ஓட ஒரு சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கம்பி கட்டுகிற வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமையே, ஒரு மாலையாகக் கோத்த உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழங்களோடு விடுதி வாசலில் நின்றார். நாங்கள் அவரை சுமிதா ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனோம்.

நெமோட்டோவும் அவரும் உலைக்கு முன்னால் ஒருவரையொருவர் குனிந்து வணங்கினார்கள். வணங்கியவர்கள் நிமிரவே இல்லை. யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இருவரும் அப்படியே நிற்க, நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

"எங்கண்ணனோட அந்த மரத்துப் பழந்தான்" என்று பழங்களை நீட்டினார் செய்கிச்சி.

நெமோட்டோ ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "இது எப்படி இருக்கும்னு ரெண்டு வருசம் கேட்டிருக்கேன். இப்பதான் தின்னுறேன்."

 பிறகு செய்கிச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அண்ணன் என்னைப் பத்தி ஏதாச்சும் பேசுனாரா?"

அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எங்களுக்குத் தெரியும். 'தம்பி பார்த்துக்கொள்வான்' என்று ஒரு வார்த்தை. நெமோட்டோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் யோசித்து, நெற்றியைச் சொறிந்து, உண்மையைத்தான் சொன்னார்.

"பேசுனாரு. திட்டித்தான் பேசுனாரு."

"என்னன்னு?"

"அந்த ஒத்தக்கண்ணுப் பய என் அருவாளத் துரு ஏறவிட்டுருப்பான், சோம்பேறின்னு."

செய்கிச்சியின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. "பொய்யி" என்றார். "தினமும் தீட்டுறேன். அவரு போன நாள்லேர்ந்து தினமும் தீட்டுறேன். வந்துருவாரு, வந்து பார்த்தாருன்னா திட்டுவாருன்னு தீட்டுனேன். பெட்டி வந்த பெறகும் தீட்டுனேன். இப்பவும் தீட்டிட்டுத்தான் வந்துருக்கேன்."

நெமோட்டோ எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "வாங்க, குளிக்கலாம். முதுகு தேச்சுவிடுறேன்."

ஆண்கள் பக்கத்துத் தடுப்புக்கு அந்தப்புறம் தண்ணீர் ஊற்றும் சத்தமும், இரண்டு கரகரப்பான குரல்கள் ஏதோ வடக்கத்திப் பாட்டை அடி மாற்றி அடி மாற்றிப் பாடுவதும் கேட்டது. பெண்கள் பக்கத் தொட்டியில் கினுவே கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்து ஆவியும் மேலே போய் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தது.

வசந்தத்தில் செய்கிச்சி திரும்பிப் போனதும் நோபு ஊர்க் கோயிலுக்குப் போனாள். கல்லறையிலும் நினைவுப் பலகையிலும் எழுதியிருந்த இறந்த தேதியை மாற்ற வேண்டும் என்றாள். பூசாரி தயங்கினாராம். "பதினஞ்சு வருசத்துக்கு முந்தின தேதி. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. மாத்துனா ஊரு கணக்குப் போட்டுப் பார்க்குமே" என்றாராம்.

"பார்க்கட்டும்" என்றாளாம் நோபு. "உயிரோட இருந்த மனுசன ரெண்டரை வருசம் முன்னாடியே சாகடிச்சு வெச்சிருக்கோம் சாமி. அந்த நாளுங்கள அவருக்குத் திருப்பிக் குடுக்கணும்."

செய்கிச்சி பக்கத்திலேயே நின்று, கல் தச்சனுக்குத் தேதியை வாய்விட்டுச் சொன்னார். பெண்கள் கொஞ்ச நாள் வாய்க்காலில் அதையே துவைத்தார்கள். பிறகு ஊருக்கு முதல் உழவு யந்திரம் வந்தது. அதை யார் வீட்டுப் பையன் கிணற்றுக்குள் இறக்கினான் என்பது பேச்சாயிற்று. நோபுவை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வருடம் நவம்பரில், சாலை திறப்பதற்குச் சில வாரம் முன்னால், செய்கிச்சி எங்களை அதன் மேல் கூட்டிப்போனார். ஷிபாவ்ரா பக்கம், சாரத்து ஏணி வழியாக ஏறினோம். மேலே ஒருவரும் இல்லை. அகலமான, வெளுத்த, புது வாசனை மாறாத சாலை கூரைகளுக்கு மேல் வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் கண் மட்டத்தில் மொட்டை மாடிகள், காயும் துணிகள், தொலைக்காட்சி ஆண்டெனாக்கள். கீழே கால்வாயில் ஒரு படகு சத்தமில்லாமல் போனது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியவில்லை.

"இந்தத் தூணு நான் கம்பி கட்டுனது. அந்தா, அதுவும்" என்று செய்கிச்சி கீழே எட்டி எட்டிக் காட்டினார்.

அங்கேதான் கினுவே சொன்னாள். எங்கள் தொழிற்சாலையின் பொதி கட்டும் பிரிவில் லாரி ஓட்டுகிற ஹொசோயி என்ற ஆளைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். யாரும் பேசி முடித்ததல்ல, அவளே பார்த்தது.

"நாத்து நடுவானா?" என்றார் செய்கிச்சி.

"நெல்லும் புல்லும் அவருக்கு ஒண்ணுதான் சித்தப்பா."

"ஒன்னைப் பார்த்துப் பயப்படலயா? கண்ணத் தொறந்துக்கிட்டுத் தூங்குறவளாச்சே."

"இன்னும் பார்க்கலயே!" என்றாள் அவள், முகம் சிவந்து.

செய்கிச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். லாரிய வீட்டு வாசல்ல நிறுத்த எடம் இருக்கு."

தூரத்தில் காவல்காரர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா அங்க? ரோடு இன்னும் தொறக்கல!"

"தொறக்குறதுக்கு முன்னாடிதான்யா நாம நடக்க முடியும்!" என்று செய்கிச்சி பதிலுக்குக் கத்தினார். "தொறந்துட்டா காருதான் போகும்!"

காவல்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். பேச்சைக் கேட்டதும், "எந்த ஊரு? அகிதாவா, இவாதேயா?" என்றார். அவர் அகிதா. எங்கள் சோற்று உருண்டைகளில் இரண்டை அவருக்குக் கொடுத்தோம். வாயில் சோற்றோடு, இன்னும் கொஞ்ச தூரம் போனால் கடல் தெரியும் என்று வழி சொன்னார்.

சாலை முடிகிற இடம்வரை போனோம். அதற்கு மேல் இன்னும் போடவில்லை. கம்பிகள் காற்றில் நீண்டு நின்றன. விளிம்புக்குச் சற்று முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். இளவெயில். கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. கப்பல்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. செய்கிச்சி தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாலையின் நடுவே மல்லாந்து படுத்து, அப்படியே தூங்கிப்போனார். கினுவே தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினாள். அவர் எழும்வரை நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.